செத்தவர்களுக்குக் குளிருமா என்று கேட்ட மகளுக்கு

பாப்பா,

இதை எழுத ஒரே காரணம், நேருக்கு நேர் பேசினால் உன்னிடம் என்னால் ஜெயிக்க முடியாது. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதில் ஓட்டை கண்டுபிடித்துவிடுவாய். "யாரு பாத்தா? எப்படித் தெரியும்?" என்று ஆரம்பிப்பாய். காகிதத்தில் அந்த வம்பு கிடையாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கடைசிவரை நான் சொல்வதைத்தான் நீ கேட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கரா மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, ஏதோ உப்பு குறைகிறது என்று சொல்வது போல, "நான் பிரான்சுக்குப் போகலம்மா, வரலன்னு மெயில் போட்டுடப் போறேன்" என்று சொன்னாயே, அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மெயிலை நீ இன்னும் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். அனுப்பியிருந்தால் லேப்டாப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்க மாட்டாய். அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை இந்தப் பாண்டிச்சேரியில் வேறு எந்த மகளும் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்க மாட்டாள். "ஒனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. நான் அங்க இருக்கறப்ப ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் வர்ற வரைக்கும் நீ நம்ம பெட்டியிலயே படுத்துக் காத்துக்கிட்டு இருப்பம்மா. அதை நெனச்சிக்கிட்டு என்னால அங்க ஒரு பக்கம் படிக்க முடியாது." இதைச் சொல்லிவிட்டு நீ மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிவைத்த பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினேன். உனக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போது தோன்றியிருக்கிறது.

உன் பயம் எனக்குப் புரிகிறது. நீ, இறந்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிற வீட்டில் வளர்ந்தவள். உன் அப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். ஒரு படகுக்காரர் இறந்துபோக, பிள்ளைகள் தூரத்திலிருந்து வருகிறவரைக்கும் உடம்பை வைத்திருக்க ஐஸ் பாளமாகக் கொண்டுபோய் இறக்கினார். வீடெல்லாம் தண்ணீர் ஓடி, அழ வந்தவர்கள் வழுக்கி விழுந்தார்களாம். அதைப் பார்த்துவிட்டு வந்து கடன் வாங்கி முதல் பெட்டியை வாங்கினார். மீனுக்கு ஐஸ் போட்ட குடும்பம் மனுஷனுக்குப் போட ஆரம்பித்தது அப்படித்தான். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது பிரான்சில் இருக்கிறார்கள். "புள்ள பாரிஸ்ல இருந்து வரணும்மா, அதுவரைக்கும் வெச்சிருக்கணும்" என்று போன் வந்தால் நம் வீட்டில் அதற்குப் பேரே 'பாரிஸ் ஆர்டர்'. நல்ல கம்ப்ரசர் உள்ள பெட்டி, கூடவே இன்னொரு ஸ்டெபிலைசர் என்று எடுத்துவைப்போம். கடைசியில் அம்மாவும் ஒரு பாரிஸ் ஆர்டராகிவிடுவாளோ என்பதுதான் உன் பயம்.

சரி, அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீ எப்படிப்பட்ட பெண் என்று உனக்கே மறந்துபோயிருக்கும் போலிருக்கிறது, அதை ஞாபகப்படுத்துகிறேன். நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்தாய். பள்ளிக்கூடத்திலிருந்து உன்னை அழைத்துக்கொண்டு அப்படியே ஒரு வீட்டுக்குப் பெட்டி இறக்கப் போயிருந்தோம். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் மூடியை முழுசாக மூட விடவில்லை. "உயிரு வெளிய போவ வழி வேணாமா? கொஞ்சம் தொறந்து வைம்மா" என்று ஒரே சண்டை. திறந்துவைத்தால் பெட்டி எப்படிக் குளிரும்? நான் கத்தி, அவர் கத்தி, கடைசியில் மூடியின் ஓரத்தில் ஒரு பென்சிலைச் செருகிச் சமாதானமானோம். திரும்பி வரும்போது வேனில் நீ கேட்டாய்: "உயிரு போனப்புறம்தானம்மா டாக்டரு எழுதித் தருவாரு? அதுக்கப்புறம்தான நமக்கு போன் வரும்? நாம டிராபிக்ல மாட்டி போய்ச் சேர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவுது! அதுவரைக்குமா உயிரு நம்ம பெட்டிக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்?" வண்டி ஓட்டிக்கொண்டிருந்த செல்வம் சிரித்த சிரிப்பில் முன்னால் போன ஆட்டோவை இடிக்கப் பார்த்தான். அன்றிலிருந்து மூடியைத் திறந்துவைக்கச் சொல்கிற எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன். ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசியதில்லை. நீ சொன்னது என்று நான் சொல்வதும் இல்லை, பெருமையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

அதோடு விட்டாயா? செத்தவர்கள் எல்லாம் மறுபடி பிறக்கிறார்கள் என்றால் ஜனத்தொகை எப்படி ஏறும், கூடுதலாக வருகிற உயிர்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டாய். தொல்லை தாங்காமல், "கொசு, ஈ, எறும்பு எல்லாம் அடுத்த பிறவில மனுஷனா பொறக்கும், போய்ப் படுடி" என்றேன். மறுநாள் நான் கொசுவத்தி ஏற்றப் போனால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாய். "வேணாம்மா. இவங்கள்லாம் செத்துப்போயி பொறந்து வந்தா எங்க உக்காருவாங்க? எங்க கிளாஸ்ல ஏற்கெனவே பெஞ்சு பத்தல." நரகத்தில் எண்ணெய்க் கொப்பரை கொதிக்கும் என்று உன் மாமா உன்னைப் பயமுறுத்தினார். நீ பயப்படவில்லை. யோசித்துவிட்டு, "சூடான காத்து மேலதான போவும்னு டீச்சர் சொன்னாங்க? அப்போ கீழ நரகத்துல அவ்ளோ எண்ணெய கொதிக்க வெச்சா, மேல சொர்க்கத்துல இருக்கற நல்லவங்கதான மாமா வெந்துபோவாங்க?" என்றாய். அந்த மனுஷன் பாதி இட்லியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் ஒன்று, நீ யாரையும் மட்டம் தட்டுவதற்காகக் கேட்டதே இல்லை. உனக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது.

அது எனக்கு நன்றாகப் புரிந்தது உன் அப்பா போனபோதுதான். நீ அப்போது ஆறாவது. காலையில் ஐஸ் இறக்கிவிட்டு வண்டிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் வாங்கிய பெட்டியிலேயே அவரைப் படுக்கவைத்தோம். கூடம் முழுக்க அழுகை. நீ மட்டும் அழாமல் பெட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாய். அப்புறம் என் பக்கத்தில் வந்து, "அப்பாவுக்குக் குளுராதாம்மா?" என்றாய். "குளுராதுடி" என்றேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாய். ஐயோ, அந்தக் கேள்வி! அத்தனை பேர் இருந்த வீட்டில் உருப்படியான ஒரு கேள்வியை நீ ஒருத்திதான் கேட்டாய். உன்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வருகிறேன், ஷெட்டில் பெட்டி ஓடுகிற சத்தம் கேட்கிறது. எந்த ஆர்டரும் இல்லை, யார் போட்டது என்று போய்ப் பார்த்தால், மூடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நீ உள்ளே படுத்திருக்கிறாய். பாவாடை சட்டையோடு, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்பா படுத்திருந்த மாதிரியே. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. நீ பல் தந்தியடிக்க எழுந்து உட்கார்ந்து, "குளுருதும்மா" என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த நிமிஷமே நீ, "ஆனா நான் சாவலையே. எனக்குக் குளுருனா அப்பாவுக்குக் குளுரும்னு சொல்ல முடியாது. இது கணக்குல சேராது" என்றாய். முதுகில் ஒரு அடி வைத்தேன், அப்புறம் நீ மூச்சு திணறும்வரை கட்டிக்கொண்டேன்.

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது பாப்பா. அப்பனைப் பறிகொடுத்த ஒரு குழந்தை, ஒரே ஒரு பதிலுக்காகப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. பதில் கிடைத்த மாதிரி இருந்தும், அது சரியான வழியில் கிடைக்கவில்லை என்று தானே தள்ளிவிட்டது. எத்தனையோ வீடுகளுக்குப் போகிறேன். சாமியாடி வந்து "அவரு நல்ல கதிக்குப் போய்ட்டாரு" என்றால் நம்புகிறார்கள், பல்லி கத்தினால் நம்புகிறார்கள். நானும்தான் நம்புகிறேன். மனசுக்கு எது சுகமோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் மனுஷ சுபாவம். உனக்கு அது அந்த வயசிலேயே வரவில்லை. எங்கிருந்து வந்தது உனக்கு இந்தப் புத்தி என்று உன் அப்பாவின் போட்டோவைப் பார்த்து நான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் நான் உன்னை நினைத்து மலைத்துப்போனது அரியாங்குப்பத்தில். நீ காலேஜில் இரண்டாவது வருஷம். ஐப்பசி மழை நேரம், செல்வத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவனுக்குப் பதிலாக நீ என்னோடு வந்தாய். இறந்தவர் படகோட்டி. அவர் சம்சாரம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், எனக்கும் பழக்கம். பெட்டியை இறக்கிச் சுவிட்சைப் போட்டுவிட்டு நாம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் உள்ளே ஒரே அலறல். "மூச்சு வுடறாரு! மாமா மூச்சு வுடறாரு! கண்ணாடில ஆவி புடிக்குது பாருங்க!" வீடே தலைகீழாகிவிட்டது. மூத்த மகன் என்னிடம் பாய்ந்தான். "எங்கப்பன உயிரோட உள்ள வெச்சிட்டியா? பெட்டிய ஒடைங்கடா!" இது நம் தொழிலில் மழைக்காலத்துக்கு மழைக்காலம் நடப்பதுதான். என் வழி உனக்குத் தெரியுமே, டாக்டர் சான்றிதழைத் தூக்கிக் காட்டிக் குரலை உயர்த்துவேன். வாயைத் திறந்தும்விட்டேன். நீ என் கையை அழுத்தினாய்.

நீ நேராக அந்த அம்மாவிடம் போனாய். பக்கத்தில் உட்கார்ந்தாய். "அத்த, நீங்களே தொடச்சிப் பாருங்க" என்று அவள் கையை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தாய். கை போன இடமெல்லாம் தெளிவாகி அவர் முகம் தெரிந்தது. "மூச்சு உள்ள இருந்து வந்திருந்தா ஆவி உள்பக்கம்தான அத்த புடிக்கும்? வெளிய தொடச்சா போவுமா?" என்றாய். மகன் கையிலிருந்த கடப்பாரை தானாகக் கீழே இறங்கியது. அந்த அம்மா ஈரமான தன் உள்ளங்கையையே பார்த்தாள். "அப்போ இது யாரு மூச்சு கண்ணு?" என்று கேட்டாள். நான் வேர்த்துப்போய் நின்றேன், நீ என்ன சொல்லப் போகிறாயோ என்று. நீ சொன்னாய்: "நம்ம மூச்சு அத்த. இவ்ளோ பேரு சுத்தி உக்காந்து அழுவுறோம் இல்ல, நம்ம மூச்சுல இருக்கற ஈரந்தான் சில்லுன்னு இருக்கற கண்ணாடில போயி ஒட்டுது. அவருக்காக அழுவுறவங்க மூச்சுதான் இது." அந்த அம்மா அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதுவரை கத்திக்கொண்டிருந்தவள் அப்போதுதான் நிதானமாக அழ ஆரம்பித்தாள். இன்றைக்கும் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால், விலை கேட்பதற்குள் பையில் மீனைப் போட்டுவிட்டு, "ஒம் பொண்ணு எப்படிக்கீறா?" என்றுதான் கேட்கிறாள். பொய் சொல்லாமலும் ஒருத்தருக்கு ஆறுதல் சொல்ல முடியும் என்பதை என் வயசுக்கு நான் உன்னிடம்தான் பார்த்தேன்.

அப்படிப்பட்டவளுக்குப் பிரான்சிலிருந்து இடம் கிடைத்தது. எதைப் படிக்க? குளிரை! "குளிரைப் படிக்கவா அவ்ளோ தூரம் போற? நம்ம ஷெட்டுல இல்லாத குளிரா?" என்று நான் கேலி செய்தேன். அங்கே உண்டாக்குகிற குளிருக்கு முன்னால் நம் பெட்டி எல்லாம் அடுப்பு என்றாய். அத்தனை குளிரில் பொருள்களெல்லாம் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்றாய். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் புரிந்தது. மார்க்கெட்டில் பூக்காரியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது போய், இல்லை, என் நெஞ்சுவலிக்காக அவள் போகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

அதனால் உன் வழியிலேயே யோசித்துப் பார்த்தேன். சிரிக்காதே. நீ அங்கே இருக்கும்போது நான் செத்துப்போகிறேன் என்று வைத்துக்கொள். செத்த பிறகு ஒன்றுமே இல்லை என்றால், பெட்டியில் காத்திருக்க அங்கே யாரும் இல்லை. நீ சீக்கிரம் வந்தாயா, தாமதமாக வந்தாயா என்று கேட்க எனக்கு வாயும் இல்லை, நானும் இல்லை. அல்லது செத்த பிறகு ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள். அப்போது எனக்கு விசா வேண்டாம், டிக்கெட் வேண்டாம், நீ விஷயம் கேள்விப்பட்டுக் கண்ணைத் துடைப்பதற்குள் நானே உன் ரூமுக்கு வந்துவிடுவேன். உன் லேபில் எந்த மூலையில் குளிர் அதிகம் என்று முதலில் பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவாமல் போட்டு வைத்திருக்கிறாயா என்று அடுத்துப் பார்ப்பேன். இல்லை, ஆவி பதினாறாம் நாள் வரைக்கும் வீட்டிலேயேதான் சுற்றும் என்கிறார்களா? சுற்றட்டும். நான் வீட்டில் இருப்பேன், நீ மெதுவாக வா. எப்படிப் பார்த்தாலும் நீ என் சாவுக்குக் காவல் இருக்க வேண்டிய அவசியம் வரவில்லை. இதில் ஓட்டை இருந்தால் கண்டுபிடி.

ஓட்டை இருக்கிறது, எனக்கே தெரியும். "நீ காத்திருக்கறது பிரச்சினை இல்லம்மா, உன்னக் காக்கவெச்சிட்டோமேன்னு எனக்கு இருக்குமே, அதுக்கு என்னா சொல்ற?" என்பாய். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். பாரிஸ் ஆர்டரில் வந்து இறங்குகிற பிள்ளைகளை நான் எத்தனை காலமாகப் பார்க்கிறேன்! ஒரு வீட்டில், தலை நரைத்த மகன், கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, "மூடியக் கொஞ்சம் தொறப்பீங்களா? அம்மாகிட்ட பேசணும்" என்றார். திறந்துவிட்டு நான் கதவருகே நின்றேன். பிளேனில் என்ன சாப்பாடு கொடுத்தார்கள் என்று அவர் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு என்ன வேலை, புது வீட்டில் எத்தனை ஜன்னல், எல்லாம் சொன்னார். பல வருஷமாக ஊருக்கே வராதவர் என்று அப்புறம் சொன்னார்கள். அவருக்குப் பிளேன் தாமதமாகவில்லை பாப்பா. அந்தக் கதைகளைக் கேட்க அந்த அம்மாவுக்குக் காது இருந்த காலத்தில் அவர் வரவில்லை.

ஆகையால் முடிவெடுத்துவிட்டேன். செல்வத்திடமும் உன் மாமாவிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்குப் பெட்டி வைக்கக் கூடாது. நான் என்றைக்குப் போகிறேனோ அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், மகளுக்காக ஒரு மணி நேரம்கூட நிறுத்தி வைக்கக் கூடாது. உன் மாமா குதித்தார். "பெட்டிக்காரம்மாவுக்கே பெட்டி இல்லியான்னு ஊரு சிரிக்கும். பொண்ணுக்கு மொகத்தக் காட்டாம எடுக்கறதா?" என்றார். "சிரிக்கட்டும். எம் பொண்ணு எம் மொகத்த வருஷா வருஷம் வந்து பாத்துக்குவா" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, உன்மேல் வருத்தத்திலும் சொல்லவில்லை. யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். உன் பயத்துக்கு இனிமேல் இடமே கிடையாது.

அதற்குப் பதிலாக நான் கேட்பது இதுதான். லீவு விட்டால் வா. வந்து, "என்னாடி இப்படி எளச்சிட்ட" என்று நான் திட்டுவதைக் கேள். குழம்பு காரம் என்று சண்டை போடு. நான் புரியாமல் கேட்டாலும் உன் குளிரைப் பற்றிச் சொல். அங்கே பெரிய பெரிய படிப்பாளிகள் இருப்பார்கள், அவர்களிடமும் யாரு பாத்தா, எப்படித் தெரியும் என்று கேட்கக் கூச்சப்படாதே. ஆனால் அரியாங்குப்பத்தில் செய்த மாதிரி, முதலில் கையைப் பிடித்துக்கொண்டு அப்புறம் கேள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், காலையில் பீச் ரோட்டில் நடக்கிறேன், சாகிற உத்தேசம் இப்போதைக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. உன்னை அனுப்ப எனக்கு மனசே இல்லை. அதை மறைத்தால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும். ஏர்போர்ட்டில் நான் அழுவேன், சத்தமாகவே அழுவேன். அதைப் பார்த்துவிட்டு, "போகாதே" என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, பெட்டியை இழுத்துக்கொண்டு நீ பாட்டுக்கு உள்ளே நட. சுடுகாட்டில் கொள்ளி வைத்தவனிடம், திரும்பிப் பார்க்காமல் போ என்பார்கள். அது செத்தவர்களை விட்டுப் போகிறவர்களுக்குச் சொல்வது. நீ திரும்பிப் பார். எத்தனை தடவை வேண்டுமானாலும் பார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பேன், மூக்கைச் சிந்திக்கொண்டு, உயிரோடு.

உன் அம்மா